கூட்டம் கலையாமல் இறங்குவது: ஒரு டேண்டம் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கிலாந்தில் இயங்கும் ஒரு சிறிய தன்னார்வ சைக்கிள் குழுவின் ஜூலை மாதப் பயணம் ஒன்றில், நீண்ட இறக்கத்தில் நடந்த விபத்தைப் பற்றியது இது. பார்வையற்றவர்களையும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களையும், இருவர் சேர்ந்து மிதிக்கும் டேண்டம் சைக்கிளில் கிராமப்புறச் சாலைகளுக்கு அழைத்துப் போவது குழுவின் வேலை. முன் சீட்டில் பார்வை உள்ள ஒருவர் இருப்பார். ஹேண்டில்பார், பிரேக், கியர் எல்லாம் அவர் கையில். அவரைப் பைலட் என்பார்கள். பின் சீட்டில் இருப்பவர் ஸ்டோக்கர். மிதிப்பதைத் தவிர ஸ்டோக்கருக்கு வேறு வேலை இல்லை என்று வெளியாட்கள் நினைப்பதுண்டு. அந்த நினைப்பு குழுவுக்குள்ளும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. விபத்துக்குப் பிறகுதான் அது கண்ணில் பட்டது.

நான் குழுவின் வேனை ஓட்டுகிறவன். விபத்து நடந்தபோது இறக்கத்தில் நான் இல்லை, கீழே ஊரில் காத்திருந்தேன். யாருடைய தரப்பும் இல்லாதவன் என்பதால், அன்று ஐந்து வண்டிகளில் போன பத்துப் பேரிடமும் தனித்தனியாகப் பேசி இதை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஆட்களின் பெயரும் குழுவின் பெயரும் வேண்டாம் என்பது எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு.

வண்டிகளைப் பற்றி முதலில்

டேண்டத்தில் போகாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பின்னால் வருவது புரியாது.

டேண்டத்தில் இரண்டு பேரின் எடை இருக்கிறது. ஆனால் பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரின் முதுகு மறைவில் உட்கார்ந்திருப்பதால், காற்று கொடுக்கும் தடை ஒற்றை சைக்கிளை விடச் சற்றுத்தான் அதிகம். அதனால் மேட்டில் அது திணறும், சமதளத்தில் நன்றாக ஓடும், இறக்கத்தில் பறக்கும். நாங்கள் போகும் காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுப் பகுதி மாதிரி ஏறி இறங்கி ஏறிப் போகும் நிலத்தில், ஒரு பள்ளத்தில் சேர்த்த வேகத்தை வைத்துத்தான் அடுத்த மேட்டில் பாதியாவது ஏறுவார்கள். அந்த வேகத்தைப் பறித்துவிட்டால் இருவரும் மூச்சு வாங்க வேண்டியதுதான்.

ஒரு டேண்டத்துக்கும் இன்னொன்றுக்கும் இடையிலும் வித்தியாசம் பெரியது. எங்கள் ஐந்து வண்டிகளில் மிக லேசான ஜோடி, வண்டியோடு சேர்த்து ஏறக்குறைய 135 கிலோ. மிகக் கனமான ஜோடி பையும் வண்டியுமாகச் சுமார் 195 கிலோ. இந்த இரண்டும் ஒரே இறக்கத்தில் ஒரே வேகத்தில் போக வேண்டுமென்றால், இரண்டாவது வண்டி பிரேக்கில் தொங்கிக்கொண்டேதான் வர வேண்டும்.

விபத்துக்கு உள்ளானது அந்தக் கனமான வண்டி. குழுவுக்கு நன்கொடையாக வந்த பழைய டேண்டம். பின் சக்கரத்தில் 40 ஸ்போக்ஸ் கம்பிகள், உறுதியான சட்டம், முன்னும் பின்னும் ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் பிரேக். அதன் ஸ்டோக்கர் ஐம்பதுகளில் இருப்பவர். பல வருடம் லாரி ஓட்டியவர், பிறகு நீரிழிவால் பார்வையை இழந்தவர். பைலட் முப்பதுகளில் இருக்கும் வலுவான ஆள், எங்களோடு அவருக்கு இரண்டாவது கோடைக்காலம்.

ஏன் அந்த விதி வந்தது

இதற்கு முந்தைய ஒரு பயணத்தில் குழு இரண்டாகப் பிரிந்துவிட்டது. முன்னால் போனவர்கள் ஒரு பள்ளத்தின் வேகத்தில் அடுத்த திருப்பத்தையும் தாண்டிப் போய்விட, கடைசி ஜோடி ஒரு நாற்சந்தியில் வழி தெரியாமல் நின்றது. போனில் சிக்னல் இல்லை. இருபுறமும் ஆள் உயரத்துக்கு மேல் முள்வேலிப் புதர். முன்னால் போனவர்கள் திரும்பி வந்து கண்டுபிடிக்க ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட ஆகியிருந்தது. அந்த ஸ்டோக்கர் வயதில் மூத்தவர், அன்று குளிரில் நடுங்கிப் போனார்.

அன்று வழிநடத்தியவரே ஜூலைப் பயணத்துக்கும் பொறுப்பு. சைக்கிள் குழுக்களில் நீண்ட அனுபவம் உள்ள பெண்மணி. அவர் ஒரு விதி போட்டார்: இறக்கங்களில் யாரும் யாரையும் முந்தக் கூடாது, மணிக்கு 15 மைலைத் தாண்டக் கூடாது, அதாவது சுமார் 24 கிலோமீட்டர். முன்னால் இருக்கும் வண்டி எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

யாரும் ஆட்சேபிக்கவில்லை. கேட்டால் யாருக்கும் சரியென்றுதான் படும். கிராமத்துப் பாதைகளில் வளைவுக்கு அந்தப் பக்கம் ஆடு நிற்கும், டிராக்டர் வரும், சரளைக் கல் பரவிக் கிடக்கும். மெதுவாகப் போ, கூட்டமாகப் போ என்பது ஒற்றை சைக்கிள்காரர்களுக்கு நல்ல அறிவுரையும்கூட. அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் இதே விதியைத்தான் போட்டிருப்பேன் என்று நினைக்கிறேன்.

அன்றைய பாதை

ஜூலை மாதத்துச் சனிக்கிழமை, வெயில், லேசான காற்று. ஆக்ஸ்ஃபோர்டுக்கும் வூஸ்டருக்கும் இடையே இருக்கும் மோர்ட்டன்-இன்-மார்ஷ் ரயில் நிலையத்தில் ஸ்டோக்கர்கள் வந்து இறங்கினார்கள். இரண்டரை மீட்டர் நீள வண்டியை ரயிலில் ஏற்ற இங்கே பெரும்பாலும் விட மாட்டார்கள். அதனால் டேண்டங்களை டிரெய்லரில் கொண்டுவருவது என் வேலை.

அங்கிருந்து பாட்ஸ்ஃபோர்ட் பக்கமாக ஏறி ப்ளாக்லி, பிறகு ப்ராட் கேம்ப்டன், சிப்பிங் கேம்ப்டன். அங்கே தேநீர். அதன் பிறகு மேட்டு விளிம்பில் ஏறி, பிராட்வே டவர் நிற்கும் உயரத்தை ஒட்டிப் போய், ஸ்னோஸ்ஹில் கிராமத்தைத் தொட்டு, பிராட்வேக்கு இறங்குவது. எல்லாம் சேர்த்துச் சுமார் 25 கிலோமீட்டர். பிராட்வேயில் நான் வேனோடு காத்திருந்து வண்டிகளை ஏற்றிக்கொள்வேன். திரும்பவும் அந்த விளிம்பின் மேல் ஏற நெடுஞ்சாலையில் ஃபிஷ் ஹில் என்ற ஏற்றத்தைப் பிடிக்க வேண்டும். சனிக்கிழமை போக்குவரத்தில் டேண்டத்தோடு அது வேண்டாத வேலை.

சிப்பிங் கேம்ப்டன் வரை எல்லாம் நன்றாகவே போனது. 1627-இல் கட்டிய சந்தை மண்டபத்தில் கொஞ்ச நேரம் நின்றார்கள். ஸ்டோக்கர்கள் தூண்களைத் தடவிப் பார்த்தார்கள், மேடுபள்ளமாகத் தேய்ந்து கிடக்கும் கல்தரையைக் காலால் அளந்தார்கள். இந்த மாதிரிப் பயணங்களில் பாதிச் சுவை இதுதான். பைலட்டுகள் வழி நெடுக, "வலது பக்கம் கோதுமை வயல், எதிரில் சர்ச் கோபுரம், இப்போது குழி" என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். தகவல் முன்னிருந்து பின்னுக்குத்தான் ஓடும். எங்கள் பயிற்சியும் அப்படித்தான் அமைந்திருந்தது. பைலட் என்ன சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும் என்பதற்கு ஒரு பக்கம் முழுக்கக் குறிப்பு உண்டு. ஸ்டோக்கர் என்ன சொல்ல வேண்டும் என்பதற்கு ஒரு வரி கூட இல்லை.

இறக்கம்

ஸ்னோஸ்ஹில்லை அடையும்போது மணி மூன்றை நெருங்கியிருந்தது. அந்தப் பருவத்தில் பக்கத்து வயல்களில் லாவெண்டர் பூத்திருக்கும், பார்க்க வரும் கார்கள் அதிகம். பாதை குறுகல். எதிரில் ஒரு கார் வந்தாலே ஒருவர் ஒதுங்கியாக வேண்டும்.

வண்டிகளின் வரிசை இப்படி இருந்தது. வழிநடத்துபவரின் டேண்டம் முதலில், அடுத்து மிக லேசான ஜோடி, பிறகு மூன்றாவது, நான்காவதாகக் கனமான வண்டி, கடைசியில் எல்லோரையும் பார்த்துக்கொண்டு வரும் அனுபவசாலி ஜோடி. லேசான ஜோடியில் பைலட் புதியவர், அதனால் அவர்களை முன்னால் வைத்திருந்தார்கள். விளைவு, பின்னால் வந்த மூவரும் அவர்களுடைய வேகத்துக்குத்தான் வர முடிந்தது.

கிராமத்திலிருந்து பிராட்வேக்கு இறங்கும் உயரம் சுமார் 150 மீட்டர். கார்கள் ஏறி வர வர முதல் வண்டி வேகம் குறைத்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. நான்காவது வண்டியின் பைலட் முன், பின் இரண்டு பிரேக்கையும் ஏறக்குறைய விடாமல் பிடித்திருந்தார். வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் சுமாருக்கு இருந்தது என்று அவரும், பின்னால் வந்த பைலட்டும் சொல்கிறார்கள்.

இறக்கத்தின் பாதி வழியில் ஸ்டோக்கர் சொன்னார்: "பிரேக் வாடை வருது."

பைலட்டுக்கும் ஏதோ வாடை வந்திருக்கிறது. ஆனால் அப்போதுதான் ஒரு கார் கிளட்சைத் தேய்த்துக்கொண்டு அந்த மேட்டில் ஏறிப் போயிருந்தது. அதன் வாடை என்று எடுத்துக்கொண்டு, "கார்தான்" என்றார். ஸ்டோக்கர் சும்மா இருந்துவிட்டார். என்னிடம் பேசும்போது இந்த இடத்தில் அவர் கொஞ்சம் தயங்கினார். "கிளட்ச் வாடையும் பிரேக் வாடையும் வேறு வேறு, எனக்கு அது தெரியும். ஆனால் பார்க்கிறவர் சொல்லும்போது அதற்கு மேல் என்ன பேசுவது?" என்றார்.

சிறிது தூரம் போன பிறகு இரண்டாவது முறை, இப்போது சத்தமாக, "நம்ம வண்டிதான், நிறுத்துங்க" என்றார். பைலட் அதை நம்பினார். ஆனால் பின்னால் ஐந்தாவது வண்டி நெருக்கமாக வந்துகொண்டிருந்தது, ஒதுங்க இடமில்லை, முன்னால் நூறு மீட்டரில் சரிவு குறைவது தெரிந்தது. அங்கே போய் நிறுத்திக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். அந்த நூறு மீட்டரை அவர்கள் முடிக்கவில்லை. பின் டயர் வெடித்தது.

பின் சக்கரம் வெடித்தால் முன் சக்கரம் வெடிப்பதை விடப் பரவாயில்லை, ஹேண்டில்பாராவது கையில் நிற்கும். அப்படியும் 195 கிலோவை வெறும் ரிம்மில் ஓட்ட முடியாது. வண்டி இடது பக்கப் புல்மேட்டில் ஏறிச் சாய்ந்தது. பைலட் இடது தோளில் விழுந்தார். ஸ்டோக்கர் வண்டியோடு சேர்ந்தே விழுந்தார். முழங்கையில் தோல் உரிந்தது, இடுப்பில் நல்ல அடி. ஐந்தாவது வண்டி வலது பக்கம் வெட்டி நின்றது. அந்தச் சமயம் எதிரில் கார் வரவில்லை. இதில் யாருடைய சாமர்த்தியமும் இல்லை.

விழுந்த பிறகு

முதல் சில நிமிடங்கள் குழப்பம்தான். இந்த நிகழ்விலிருந்து மற்ற குழுக்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயங்களில் இதுவும் ஒன்று, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சாதாரண சைக்கிள் குழுவில் ஒருவர் விழுந்தால் இரண்டு பேர் மேலேயும் கீழேயும் ஓடிப்போய் கார்களை நிறுத்துவார்கள், ஒருவர் அடிபட்டவரைப் பார்ப்பார், ஒருவர் போன் செய்வார். இங்கே பத்துப் பேர் இருந்தும், பார்த்து ஓடக் கூடியவர்கள் நான்கே பேர். அவர்களில் ஒருவர் நகர்ந்தால், குறுகலான சாலையில் கனமான வண்டியைப் பிடித்தபடி ஒரு ஸ்டோக்கர் தனியாக நிற்பார். அவரால் கார் வருவதைக் கேட்க முடியும், எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாது. எங்கள் விபத்துத் திட்டத்தில் இதைப் பற்றி யாரும் யோசித்திருக்கவில்லை.

வழிநடத்துபவர் இந்த இடத்தில் எடுத்த முடிவு சரியானது. அடிபட்டவரிடம் போவதற்கு முன்பே, சற்றுக் கீழே இருந்த ஒரு வயல் வாசலுக்குள் மூன்று வண்டிகளையும் ஸ்டோக்கர்களோடு தள்ளிக்கொண்டு போகச் செய்தார். கடைசி வண்டியின் பைலட் மேலே ஓடி வளைவில் நின்றார். சாலை காலியாக இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். பைலட் முனகிக்கொண்டிருக்கும்போது அந்த இரண்டு நிமிடம் நீளமாகத் தெரிந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனாலும் வரிசை அதுதான்.

அடிபட்டவரைப் பார்த்தது லேசான வண்டியின் ஸ்டோக்கர். ஓய்வு பெற்ற பிசியோதெரபிஸ்ட். முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்கு மசாஜ் பயிற்சி கொடுத்த காலத்திலிருந்தே, இங்கிலாந்தில் பார்வையற்றவர்கள் இந்தத் தொழிலுக்குப் போகும் வழக்கம் உண்டு. ஒருவர் தோளைப் பிடித்து அவரை அங்கே அழைத்துப் போனார்கள். விரல் வைத்துப் பார்த்த உடனே, காலர் எலும்பு உடைந்திருக்கிறது என்றார். கையை மார்போடு சேர்த்துக் கட்டச் சொன்னார். தலையில் அடி உண்டா, கழுத்து வலிக்கிறதா, விரல்களில் உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார். ஹெல்மெட்டைக் கையில் வாங்கி விரிசல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். இல்லை.

அவசர உதவி எண்ணான 999-ஐ அழைப்பதா, வேனை வரவழைப்பதா என்ற கேள்வி எழுந்தது. தலையில் அடியில்லை, மூச்சு சீராக இருக்கிறது, வேன் பத்து நிமிட தூரத்தில். வேன் என்று முடிவானது. எனக்கு வந்த அழைப்பு இரண்டு முறை அறுந்தது. இடத்தைத் துல்லியமாகச் சொன்னவர் ஒரு ஸ்டோக்கர். அவர் எப்போதும் போனில் குரல் வழிகாட்டியைக் காதில் போட்டுக்கொண்டு வருவார். எந்த ஊரைத் தாண்டி எத்தனை மீட்டர் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பைலட்டுகளுக்குத் தெரிந்ததெல்லாம் "இறக்கத்தில் எங்கேயோ".

பைலட் இல்லாத ஸ்டோக்கர் எப்படி வீடு போவது என்ற கேள்வி அடுத்தது. வேனில் முன்னால் மூன்று இருக்கைகள். இருவரையும் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். உடைந்த வண்டியை வயல் வாசலில் பூட்டி வைத்தார்கள். வேனில் அன்று என்னைத் தவிர இன்னொருவர் இருந்திருந்தாலும் உட்கார இடம் இருந்திருக்காது. தற்செயலாக எல்லாம் பொருந்தியது.

மற்ற நான்கு வண்டிகளையும் அப்படியே இறக்கிவிடவில்லை. ரிம்களின் மேல் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தபோது ஐந்தாவது வண்டியின் ரிம்மில் ஆவி வந்தது. எல்லாம் ஆறும் வரை இருபது நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு, செங்குத்தான பகுதியை நடந்தே இறங்கினார்கள்.

சக்கரத்தைப் பிரித்தபோது

மறுநாள் குழுவின் மெக்கானிக்கும் நானும் பின் சக்கரத்தைப் பிரித்தோம். ரோட்டில் ஏதாவது குத்தியிருக்கும் என்று சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டயரின் வெளிப்பக்கம் எந்தக் குத்தும் இல்லை. ட்யூபின் ஓட்டை உட்பக்கம், அதாவது ரிம்மைப் பார்த்த பக்கம் இருந்தது. ரிம்மில் ஸ்போக்ஸ் கம்பி நுழையும் துளைகளின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் நாடா இளகி, ஒவ்வொரு துளையிலும் குழிந்து கிடந்தது. அப்படிக் குழிந்த ஓர் இடத்தில் ட்யூப் துளைக்குள் புடைத்துக் கிழிந்திருந்தது. பிரேக் கட்டைகளின் முகம் கண்ணாடி மாதிரி வழவழவென்று ஆகியிருந்தது.

கணக்கு எளியது. 195 கிலோ 150 மீட்டர் இறங்கினால் வெளிவரும் ஆற்றல் கிட்டத்தட்ட 287 கிலோஜூல். குழாய்த் தண்ணீரை ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக் கொதிக்க வைக்க அது போதும். வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் இந்த மொத்தம் மாறாது. மாறுவது அது எங்கே போய்ச் சேர்கிறது என்பது. வேகமாக இறங்கும்போது காற்றுத் தடை அதில் ஒரு பெரும் பங்கை எடுத்துக்கொள்ளும், ரிம்மையும் காற்று குளிர்விக்கும். மணிக்கு 20 கிலோமீட்டரில் காற்று எடுப்பது மிகக் குறைவு. ஏறக்குறைய எல்லாமே இரண்டு மெல்லிய அலுமினிய வளையங்களுக்குள் போகும். நடந்து போகும் வேகத்தில் இறங்கினால் வெப்பம் மெல்ல மெல்லத்தான் சேரும், ஆற நேரம் கிடைக்கும். ஆக, ரிம் பிரேக் உள்ள கனமான டேண்டத்துக்கு ஆபத்தானது மிதமான வேகம், அதுவும் பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே போகும் மிதமான வேகம். எங்கள் விதி சொன்ன வேகம் அதேதான்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்தப் பின் சக்கரத்தின் இடது பக்கம் ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுக் குடத்தில், ஒரு திருகு மரை இருந்தது. நீண்ட இறக்கங்களில் வேகத்தைப் பிடித்து வைக்க, பழைய டேண்டங்களில் ஒரு டிரம் பிரேக் போடுவார்கள், அதற்கான மரை. கனம் அதிகம் என்று யாரோ எப்போதோ அதைக் கழற்றியிருக்கிறார்கள். நன்கொடையாக வரும்போதே அது இல்லை.

பத்துப் பேரும் சொன்னது

தனித்தனியாகப் பேசியதில் ஒரு விஷயம் தெளிவாக வந்தது. ஐந்து பைலட்டுகளில் ஒருவருக்கும் விபத்துக்கு முன் ஏதோ தப்பு என்று தானாகத் தோன்றவில்லை. ஐந்து ஸ்டோக்கர்களில் மூன்று பேருக்குத் தோன்றியிருக்கிறது. நான்காவது வண்டிக்காரர் சொன்னது இருக்கட்டும். காற்றின் போக்கில் பின்னால் வந்த ஐந்தாவது வண்டியின் ஸ்டோக்கருக்கும் அதே வாடை வந்திருக்கிறது, முன்னால் இருக்கும் வண்டியிலிருந்து வருகிறது என்றும் தெரிந்திருக்கிறது. மூன்றாவது வண்டியின் ஸ்டோக்கர், பின்னால் பிரேக் சத்தம் மாறியதைக் கேட்டிருக்கிறார்: "முதலில் சுரண்டுகிற மாதிரி இருந்தது, அப்புறம் சத்தமே குறைந்துவிட்டது." வழவழப்பான கட்டை அப்படித்தான் பேசும்.

பைலட்டின் கண், எதிரில் வரும் கார், முன்னால் போகும் வண்டி, சாலையோரக் கல் என்று அலைந்துகொண்டிருக்கும். அவர் கவனிக்கவில்லை என்று குற்றம் சொல்ல முடியாது. கவனிக்க ஓய்வாக இருந்தவர்கள் பின்னால் இருந்தார்கள், அவர்களிடம் கேட்க ஏற்பாடு இல்லை. நான்கு தகவல்கள் நான்கு இடத்தில் கிடந்தன: வாடை, சத்தம், பைலட்டின் விரல்வலி, முன்னால் புதிய பைலட்டின் தயக்கம். இவை ஒன்றுசேர ஒரு முறை நின்றிருந்தால் போதும். ஆனால் நிற்கக் கூடாது, கலையக் கூடாது என்பதுதான் அன்றைய மனநிலை.

என்ன மாற்றினோம்

15 மைல் விதியை எடுத்துவிட்டோம். இப்போது இறக்கத்தில் கனமான வண்டி முதலில் போகும், லேசானது கடைசியில். அடுத்த வண்டி ஒரு நிமிடம் கழித்துத்தான் கிளம்பும். எங்கே மீண்டும் கூடுவது என்பதை மேலேயே பெயர் சொல்லி முடிவு செய்கிறோம், சர்ச் வாசல் அல்லது பப். எந்தச் சந்திப்பிலும் முன்னால் போனவர்தான் நின்று காத்திருக்க வேண்டும். கூட்டம் கலையும், ஆனால் வழி தவறாது. நீண்ட இறக்கம் என்றால் நடுவில் ஒரு வயல் வாசலை நிறுத்துமிடமாக முன்கூட்டியே குறித்து வைப்போம். பிரேக்கை அழுத்திப் பிடித்து வேகம் குறைத்து, முழுக்க விட்டு, மறுபடி பிடிப்பது என்று பைலட்டுகளுக்குச் சரிவில் பயிற்சி கொடுத்தோம்.

"நிறுத்து" என்ற சொல்லை ஸ்டோக்கர் சொன்னால் அது கட்டளை. காரணம் நின்ற பிறகு கேட்டுக்கொள்ளலாம். இதற்குப் பைலட்டுகளிடம் சிறிய முணுமுணுப்பு இருந்தது. பின்னால் வண்டி வரும்போது எப்படி நிறுத்துவது என்றார்கள். இடைவெளி ஒரு நிமிடம் ஆனபின் அந்தக் கேள்விக்கு வேலை இல்லாமல் போனது.

டிரம் பிரேக்கைப் பற்றித்தான் பெரிய விவாதம். பழையது ஒன்றைத் தேடி வாங்கி மாட்டினோம். அதன் லீவர் யார் கையில்? பார்க்க முடியாதவர் கையில் பிரேக்கா என்று இரண்டு பேர் கடுமையாக எதிர்த்தார்கள். அதற்கு அந்த ஸ்டோக்கரே பதில் சொன்னார். லாரி மலையிறங்கும்போது எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு விடுவோமே, நிறுத்துவதற்கா அது, வண்டியைப் பிடித்து வைக்கத்தானே, கால் பிரேக் அவசரத்துக்குச் சூடில்லாமல் காத்திருக்கும் என்றார். மேலே பைலட் சொல்லும்போது போடுவது, கீழே சொல்லும்போது எடுப்பது. அதற்குக் கண் தேவையில்லை. லீவர் இப்போது அவர் கையில் இருக்கிறது. பைலட்டின் இரண்டு கையும் மற்ற பிரேக்குகளுக்கு மிச்சமாகிறது.

ரிம் நாடாக்களை எல்லா வண்டிகளிலும் துணி நாடாவாக மாற்றினோம். செலவு சொற்பம்.

விபத்துத் திட்டத்தில் முதல் வரி இப்போது "ஸ்டோக்கர்களைச் சாலையிலிருந்து எடு". வேனில் ஓட்டுநரைத் தவிர ஒரு பைலட் வருவார். அடிபட்டவரை ஏற்றிக்கொள்ள இடம் வேண்டும் என்பதால் பின்னால் இருக்கை உள்ள வேறு வேனை வாடகைக்கு எடுக்கிறோம், இதுதான் உண்மையிலேயே பாக்கெட்டைக் கடிக்கும் மாற்றம்.

இன்னும் தீராதவை

இடைவெளி விட்டுப் போவதில் ஒரு தொந்தரவு இருக்கிறது. 2022 ஜனவரியில் திருத்திய ஹைவே கோட், அதாவது இங்குள்ள சாலை விதித் தொகுப்பு, 30 மைல் வேகம் வரை சைக்கிளை முந்தும்போது குறைந்தது 1.5 மீட்டர் தள்ளிப் போகச் சொல்கிறது. குறுகலான பாதையில் அதற்கு இடமே கிடையாது. ஐந்து வண்டிகள் ஒன்றாக இருந்தபோது கார்கள் வேறு வழியில்லாமல் பின்னால் வந்தன. இப்போது ஒவ்வொன்றாக முந்தப் பார்க்கிறார்கள். தனியாகக் கடைசியில் வரும் லேசான ஜோடிக்கு இது பிடிக்கவில்லை, அவர்கள் பயம் நியாயமானது. கடைசியில் இரண்டு வண்டிகளைச் சேர்த்து அனுப்பிப் பார்க்கிறோம்.

டிஸ்க் பிரேக்குக்கு மாறலாமே என்று கேட்கிறார்கள். ரிம் சூடாகி டயர் வெடிப்பது அதில் இல்லை. ஆனால் டிஸ்க்கும் அதே வெப்பத்தைத்தான் வாங்க வேண்டும், பழைய சட்டங்களில் மாட்டவும் வழியில்லை. புது வண்டி வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறோம்.

பைலட்டின் எலும்பு கூடி, இலையுதிர் காலத்தில் திரும்பி வந்தார். முதல் சில முறை பின் சீட்டில்தான் உட்கார்ந்தார், கண்ணைக் கட்டிக்கொண்டு. தோளுக்கு அது நல்லது என்பது ஒரு காரணம். அதைப் பார்த்துவிட்டு இப்போது புதிதாகச் சேரும் பைலட் எல்லோரையும் ஒரு முறையாவது அப்படி உட்கார வைக்கிறோம். காலி வாகன நிறுத்துமிடத்தில் பத்து நிமிடம் போதும்.

ஸ்னோஸ்ஹில் பாதையை என்ன செய்வது என்று குளிர்காலக் கூட்டத்தில் பேசினோம். பிராட்வேயில் ஆரம்பித்து அந்தச் சரிவை ஏற்றமாக ஏறிவிட்டு, மோர்ட்டன் பக்கம் மெதுவாக இறங்குவது என்று பாதையைத் திருப்பிப் போட யோசனை வந்தது. எட்டுக்கு இரண்டு என்று நிறைவேறியது. எதிர்த்து ஓட்டுப் போட்ட இருவரும் நான்காவது வண்டிக்காரர்கள். 195 கிலோவை அந்த மேட்டில் ஏற்றுவது நாங்கள்தானே என்றார்கள்.